கருவிச் செருக்கு: பேஸ் கித்தாரின் வரலாறு தரும் பாடம்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றைச் செய்தவர் யார், முதலில் வாசித்தவர் யார் என்பவற்றையே பெரும்பாலும் கூறிச் செல்வர். அக்கருவிகளை எள்ளி நகையாடியவர் யார், எதனால் எள்ளினர் என்பதையும் சேர்த்துக் கூறினாலன்றி அவ்வரலாறு நிறைவு பெறாது. எள்ளப்பட்ட கருவி சில ஆண்டுகளில் தரத்தின் அளவுகோலாக உயர்வதும், உயர்ந்தபின் அதனைக் கையிற் கொண்டோர் பிறரை எள்ளத் தொடங்குவதும் இசையுலகில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்ச்சிகள். இதனை ஐயமறக் காட்டும் கருவி பேஸ் கித்தார். அதன் வயது முக்கால் நூற்றாண்டளவே. ஆதலின் அதன் பிறப்பும் வளர்ச்சியும் ஆண்டும் பெயருமாக நமக்குக் கிடைக்கின்றன.

பேஸ் கித்தார் என்பது யாது? நம் முன்னோர் ஓசையை மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களாகப் பகுத்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, யாழாசிரியனின் புலமையைப் பேசுமிடத்து இம்மூன்றையும் குறிப்பிடுகிறது. இவற்றுள் மெலிவுத் தானத்தை, அதாவது கீழோசையை, இசைக்குழுவில் தாங்கி நிற்பதே பேஸ் கித்தாரின் பணி. அதற்குத் தந்திகள் நான்கு. மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அடுத்தவை 55, 73, 98 முறை அதிரும். சாதாரணக் கித்தாரின் தடித்த நான்கு தந்திகளைவிட இவை ஒரு தானம் தாழ்ந்தவை. கேட்போர் இவ்வோசையைத் தனியே பிரித்து உணர்வது அரிது. ஆனால் அதனை நிறுத்திவிட்டால், பாட்டு கடைக்காலில்லாத வீடுபோல் ஆகிவிடும். இளையராஜாவின் திரையிசையில் பாடகரின் குரலுக்கு அடியில் ஓடும் கீழோசைப் பின்னலைக் கூர்ந்து கேட்டோர்க்கு இதன் வலிமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

பலகை எனக் கருதப்பட்ட காலம்

மேலைநாட்டு இசைக்குழுக்களில் நெடுங்காலம் இப்பணியைச் செய்துவந்தது டபுள் பேஸ் என்னும் பெரிய வயலின் வடிவக் கருவி. அது ஆள் உயரம் உடையது. 1930களிலும் 1940களிலும் அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகருவிகளும் முழவுகளும் பெருகின. மின்சாரக் கித்தாரும் வந்து சேர்ந்தது. அவற்றின் ஆரவாரத்தில் டபுள் பேஸின் ஓசை அமிழ்ந்து போயிற்று. ஊர் ஊராகச் செல்லும் குழுவினர்க்கு அதனை வண்டியில் ஏற்றிச் செல்வதும் பெருந்தொல்லையாயிற்று. சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பார் 1936ஆம் ஆண்டளவில், கித்தாரைப்போல் பிடித்து வாசிக்கத்தக்க ஆடியோவாக்ஸ் 736 என்னும் மின்சாரப் பேஸ் கருவியைச் செய்து விற்றார். ஆயினும் அது பரவவில்லை.

1951ஆம் ஆண்டில் வெற்றி கண்டவர் லியோ பெண்டர் (1909-1991). கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர். வாசிப்போர் கூறும் குறைகளைக் கேட்டுக் கேட்டே கருவிகளைத் திருத்தினார். வீணையில் நாம் மெட்டு என்போமே, அத்தகைய உலோக மெட்டுகளை அவர் தம் கருவியின் கழுத்தில் பதித்தார். டபுள் பேஸில் மெட்டு இல்லை; சுருதி பிசகாமல் விரல் வைக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். மெட்டுள்ள கருவியிலோ சுருதி துல்லியமாக நிற்கும். துல்லியம் என்னும் பொருள்படவே அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார். அதன் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். உடல் குடைவில்லாத மரக்கட்டை. தந்திகளுக்கு அடியில் உள்ள காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செம்புக்கம்பிச் சுருளும் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும். அவ்வமைப்பைப் பிக்கப் என்பர். அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஓசையாக்குவது ஒலிபெருக்கி.

டபுள் பேஸ் பயின்றோர் பலர் இதனை ஓர் இசைக்கருவியாகவே ஏற்கவில்லை. மெட்டு வைத்தது பயிற்சியற்றார்க்குக் கொடுத்த ஊன்றுகோல் என்றும், உட்குடைவு இல்லாத கட்டைக்கு உயிரோசை ஏது என்றும் கருதினர். லயனல் ஹாம்ப்டன் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் இசைஞர் 1950களின் தொடக்கத்திலேயே இதனைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அக்குழுவில் வாசித்த மங்க் மாண்ட்கமரி, டபுள் பேஸில் தேர்ந்தவர். இப்புதுக் கருவி கையில் தரப்பட்டபோது முதலில் அவரும் மனமொப்பாமலே வாங்கினார். பின்னர் அதில் முழுதும் ஈடுபட்டு, 1953ஆம் ஆண்டில் ஆர்ட் பார்மர் குழுவின் ஒலிப்பதிவில் அதனை வாசித்தார். மின்சாரப் பேஸின் தொடக்ககால ஜாஸ் பதிவுகளுள் அது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும். டபுள் பேஸினர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. இரு கருவிகளின் ஓசையும் வேறு வேறே. டபுள் பேஸில் மரத்தின் மூச்சு கேட்கும். மின்சாரப் பேஸில் தந்தியின் உறுதி கேட்கும். ஒன்று எனக்குப் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது என்பது சுவை. மற்றொன்று கருவியே அன்று, அதனை வாசிப்பவன் இசைஞனே அல்லன் என்பது செருக்கு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

மாற்றப்படாத தந்திகள்

இப்புதுக் கருவியின் பெருமையை நிலைநாட்டியவருள் தலையாயவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936ஆம் ஆண்டு தென் கரோலினாவில் எடிஸ்டோ தீவில் பிறந்த கறுப்பினத்தவர். டெட்ராயிட் நகரில் பள்ளி மாணவராய் இருந்தபோது டபுள் பேஸ் பயின்றார். 1959 முதல் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்தார். மேற்கு கிராண்ட் புலவார்டு சாலையில் ஒரு சாதாரண வீடே அக்கூடம். 1960களில் உலகெங்கும் ஒலித்த மோட்டவுன் பாடல்கள் பலவற்றின் அடியோசை இவர் கையிலிருந்து பிறந்தது.

இவருடைய கருவி 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். அதில் அவர் கட்டியவை தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகள். தந்தியின் நடுக்கம்பிமேல் தட்டையான உலோக நாடாவைச் சுற்றுவது தட்டைச்சுற்று. உருண்டைக் கம்பியைச் சுற்றுவது உருண்டைச்சுற்று. முன்னதில் ஓசை திரண்டு, சுருங்கி, வழவழப்பாக வரும். பின்னதில் மணியடித்தாற்போல் விரிந்து ஒலிக்கும். ஜேமர்சன் தம் தந்திகள் அறுந்தாலன்றி அவற்றை மாற்றுவதில்லை என்பர். தந்தி நாட்படும்போது வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடையே படியும், உலோகமும் தளரும். அதனால் மேலோசைகள் மங்கி, அடியோசை மட்டும் எஞ்சும். குதிரையின் அருகில் ஒரு பஞ்சுத் துண்டும் வைத்திருந்தார். அது ஒலியின் நீட்சியைக் குறைத்தது. வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றையே கொண்டு மீட்டினார். பதிவின்போது அவர் கருவியின் கம்பி நேரே பதிவுக் கருவியோடு இணைக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். பழைய தந்தி, அழுக்கு, பஞ்சு, ஒற்றை விரல். எந்த இசைப்பள்ளியும் மாணவர்க்கு விதிக்காதவை இவை. ஆயினும் அவ்வோசையே இன்று பலர் தேடி அலையும் ஓசையாக இருக்கிறது. அவர் பயன்படுத்திய தடிமனில் தந்திக் கட்டுகள் அவர் பெயராலேயே விற்கப்படுகின்றன. பஞ்சுத் துண்டும் விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால் அவ்வோசைக்கு உரியவர் நிலை என்ன? மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறையில் பாடகர் பெயர் இருக்கும். உடன் வாசித்தோர் பெயர் இராது. 1971ஆம் ஆண்டில் மார்வின் கேயின் இசைத்தட்டு வெளிவந்தபோதுதான் ஜேமர்சனின் பெயர் உறையில் அச்சேறியது. 1983ஆம் ஆண்டு, தம் 47ஆம் வயதில், பொதுமக்கள் பெரும்பாலோர் அறியாதவராகவே அவர் மறைந்தார். அவருடைய பேஸ் கித்தார் அதற்குச் சற்று முன்னர்க் களவு போயிற்று. 1989ஆம் ஆண்டில் அவரைப்பற்றிய நூலும், 2002ஆம் ஆண்டில் அவர் குழுவினரைப் பற்றிய திரைப்படமும் வெளிவந்தன. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2000ஆம் ஆண்டில். அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து. மனிதனை மறந்து அவன் தந்தியின் அழுக்கைப் போற்றும் உலகம் இது. கருவிச் செருக்கின் பெருந்தீங்கு இதுவே என்பது என் கருத்து.

மணியோசை வேண்டியவர்

ஜேமர்சனின் ஓசையே பேஸின் ஓசை என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அதே காலத்தில் இங்கிலாந்தில் தி ஹூ என்னும் குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில், பியானோவின் கீழ்க்கட்டைபோல் முழங்கும் ஓசையை நாடினார். தடித்த தந்திகள் சரியாக ஒலிக்கவில்லை என்று குறை கூறி, 1966ஆம் ஆண்டில் ரோட்டோசவுண்ட் என்னும் தந்தித் தொழிற்சாலையோடு சேர்ந்து பலமுறை சோதித்துப் பார்த்தார். அதன் விளைவாகப் பிறந்தது எஃகினாலாய உருண்டைச்சுற்றுத் தந்தி. ராக் இசையில் பேஸ் முன்வந்து பேசுவதற்கு அது வழி திறந்தது.

அன்றிலிருந்து இரு கட்சிகள். தட்டைச்சுற்றுக் கட்சியார் மற்றவரை இரைச்சல்காரர் என்பர். உருண்டைச்சுற்றுக் கட்சியார் மற்றவரைப் பழமைவாதிகள் என்பர். விரலால் மீட்டுவதா, பிளெக்ட்ரம் என்னும் சிறு தகட்டால் மீட்டுவதா என்பதிலும் இதே பூசல். தகட்டால் மீட்டுவோர் கித்தார் வாசிக்கத் தெரிந்து பேஸுக்கு வந்தவர்கள். உண்மையான பேஸ் வாசிப்போர் அல்லர் என்று சிலர் கூறுவதுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒலிப்பதிவுக்கூடங்களில் வாசித்த கேரல் கே என்னும் அம்மையார் (பிறப்பு 1935) அவ்வாறு கித்தாரிலிருந்து வந்தவரே. 1963ஆம் ஆண்டில் ஒரு பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வாராமற்போக, அவருடைய இடத்தில் அமர்ந்தார். தட்டைச்சுற்றுத் தந்தியும், குதிரையருகே ஒரு கம்பளித் துண்டும், கையில் ஒரு தகடுமாகப் பல்லாயிரம் பதிவுகளில் வாசித்தார். தகடு தாழ்ந்தது என்பார்க்கு அவர் வாசிப்பே விடை.

கையிலிருந்த காசு

இனிப் பொருளியலைப் பார்ப்போம். கருவியின் வரலாற்றை மாற்றியவருள் பலர் விலையுயர்ந்த கருவியை வாங்க முடியாதவர்கள். 1961ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் மெக்கார்ட்னி, வயலின் வடிவினதான ஹாப்னர் பேஸ் ஒன்றை ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கினார். பெண்டர் கருவியின் விலை 100 பவுன் அளவில் இருந்தது. அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. அவர் இடக்கையர், இரு பக்கமும் ஒத்த வடிவுடைய ஹாப்னர், திருப்பிப் பிடித்தாலும் பார்வைக்குப் பிசகாது. இவையே காரணங்கள். பீட்டில்ஸ் குழு உலகப் புகழ் பெற்றபின் அம்மலிவுக் கருவியே ஒரு சின்னமாயிற்று. 1972ஆம் ஆண்டில் லண்டனில் களவு போன அக்கருவி கிடைத்து உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்னும் செய்தி 2024ஆம் ஆண்டில் வெளியானபோது நாளேடுகள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின.

அதே 1961ஆம் ஆண்டில் பில் வைமன் என்னும் ஆங்கில இளைஞர் விலை குறைந்த பேஸ் ஒன்றை வாங்கினார். அதன் மெட்டுகள் தேய்ந்து கடகடத்தன. புது மெட்டுகள் போடலாம் என்று பழையவற்றைப் பிடுங்கினார். ஓசை நன்றாக இருக்கவே, அப்படியே விட்டுவிட்டார். பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் அதனை வாசித்தார். மெட்டில்லாப் பேஸை ஆம்பெக் நிறுவனம் 1966ஆம் ஆண்டிலும், பெண்டர் நிறுவனம் 1970ஆம் ஆண்டிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1976ஆம் ஆண்டில் ஜாக்கோ பஸ்டோரியஸ் என்பார் மெட்டு நீக்கிய பெண்டர் ஜாஸ் பேஸில் வாசித்த இசைத்தட்டு வெளிவந்து உலகை வியக்க வைத்தது. மெட்டு நீக்கிய கழுத்துக்கு அவர் பூசியது படகுகளுக்குப் பூசும் எப்பாக்சிப் பூச்சு.

மெட்டு வைத்ததால் இகழப்பட்ட கருவி இது. கால் நூற்றாண்டு சென்றபின் அதில் மெட்டை நீக்கியவர் போற்றப்பட்டார். நம் நாட்டு இசையிலோ மெட்டுள்ள வீணையும் மெட்டில்லாக் கோட்டுவாத்தியமும் அருகருகே வாழ்கின்றன. ஒன்றின் பெயரால் மற்றொன்றை நாம் கருவி அன்று என்பதில்லை.

1965 என்னும் கோடு

1965ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லியோ பெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்தவை உயர்ந்தவை, பின் செய்தவை தாழ்ந்தவை என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1970களில் அந்நிறுவனத்தின் கருவிகளில் தரம் ஏறியும் இறங்கியும் வந்தது உண்மையே. ஆயினும் 1964ஆம் ஆண்டு இறுதியில் செய்த கருவிக்கும் 1965ஆம் ஆண்டு தொடக்கத்தில் செய்த கருவிக்கும் இடையே விற்பனைப் பத்திரம் எவ்வாறு ஓசையை மாற்றியிருக்க முடியும்? பத்திரத்தில் மை காயுமுன் மரம் கெட்டுவிடுமா?

லியோ பெண்டரே பழமையைப் போற்றியவர் அல்லர். 1976ஆம் ஆண்டில் மியூசிக் மேன் நிறுவனத்தின் வழி வெளிவந்த ஸ்டிங்ரே பேஸில் மின்கலத்தால் இயங்கும் ஓசைக் கட்டுப்பாட்டை அமைத்தார். அதன்பின் ஜி அண்ட் எல் நிறுவனத்தில் செய்தவையே தாம் செய்தவற்றுள் சிறந்தவை என்று கூறிவந்தார். செய்தவர் முன்னோக்கிச் சென்றார். அவர் பெயர் கூறியோர் பின்னோக்கி நின்றனர்.

ஜப்பானின் கதையும் இதனை ஒட்டியதே. 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கருவிகளைப் பார்த்துச் செய்தவை போலிகள் என்று எள்ளப்பட்டன. அவற்றின் வேலைப்பாடு உயர உயர, பெண்டர் நிறுவனமே 1982ஆம் ஆண்டில் ஜப்பானில் தன் கிளையை நிறுவி அங்கேயே செய்யத் தொடங்கியது. அக்காலத்து ஜப்பானியக் கருவிகளை இன்று சேகரிப்போர் நல்ல விலை கொடுத்துத் தேடுகின்றனர். நேற்றைய இகழ்ச்சி இன்றைய பெருமை.

செவி கூறும் சான்று

கருவியின் பெயரைக் கண்ணால் காணாது காதால் மட்டும் கேட்டால் என்னாகும்? வயலின் உலகில் இதனைச் சோதித்தனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணைக் கறுப்புக் கண்ணாடியால் மறைத்துக்கொண்டு ஆறு வயலின்களை வாசித்தனர். மூன்று புதியவை, மூன்று, ஸ்ட்ராடிவாரி முதலிய பெருந்தச்சர்கள் செய்த பழையவை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, மிகுதியும் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின்; மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. தாம் தேர்ந்தது புதியதா பழையதா என்றுகூடப் பெரும்பாலோர்க்குக் கூற இயலவில்லை.

பேஸ் கித்தாரில் மற்றொரு செய்தியும் உண்டு. நொடிக்கு 41 அதிர்வுள்ள ஓசையைச் சிறு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியால் வெளியிட இயலாது. அதன் மேலோசைகளான 82, 123 முதலியவற்றைக் கேட்டே நம் செவி அடியோசையை உய்த்துணர்கிறது. 1960களில் கோடிக்கணக்கானோர் பேஸ் ஓசையைக் கேட்டது இத்தகைய பெட்டிகளில்தான். நாம் கேட்டதாகப் போற்றும் ஓசையில் ஒரு பகுதியை நம் செவியே படைத்துக்கொண்டது! வால்வு ஒலிபெருக்கி உயர்ந்ததா, டிரான்சிஸ்டர் உயர்ந்ததா. நான்கு தந்தி போதுமா, ஐந்து வேண்டுமா. உடல் எந்த மரத்தால் ஆனது என்று இரவெல்லாம் வாதிடுவோர் இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

விருப்பமும் செருக்கும்

கருவியில் வேறுபாடே இல்லை என்று நான் கூறவில்லை. தந்தி மாறினால் ஓசை மாறும். விரல் மாறினால் அதனினும் மிகுதியாக மாறும். தனக்கு வேண்டிய ஓசை எது என்று அறிந்து அதற்கேற்ற கருவியைத் தேர்வது கலைஞனின் கடமை. ஜேமர்சனும் என்ட்விசிலும் ஒன்றுக்கொன்று நேர்மாறான ஓசைகளைத் தேர்ந்தனர், இருவரும் வென்றனர். அவர்கள் தேர்ந்தது ஓசையை. அவர்களுக்குப் பின் வந்தோர் பலர் தேர்வது பெயரை. இஃதே விருப்பத்துக்கும் செருக்குக்கும் உள்ள எல்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் மாணவருள் இசை நாட்டம் உடையோர் பலர். திருமண மண்டபங்களில் வாசிக்கும் குழுக்களைக் கண்டு ஆசை கொள்வோர் பலர். அவர்களுள் ஒரு தோட்டத்துப் பிள்ளை மலிவான கித்தார் ஒன்றைக் கையில் ஏந்தி வரும்போது, அதன் தலையில் எழுதியிருக்கும் பெயரை முதலில் பார்ப்போமா, அவன் விரல் எழுப்பும் ஓசையை முதலில் கேட்போமா? பெயரைப் பார்த்து நகைக்கும் ஒரு சொல், பத்தாண்டுப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடக் கூடும். மெக்கார்ட்னியின் 30 பவுன் கருவியையும் வைமனின் தேய்ந்த மெட்டுகளையும் அன்று யாரேனும் நகைத்து மூலையில் வைக்கச் செய்திருந்தால் இழப்பு யாருக்கு?

பேஸ் கித்தார் வாசிப்பவன் மேடையில் பின்வரிசையில் நிற்பவன். பாட்டைத் தாங்குவான், பாராட்டு முன்வரிசைக்குப் போகும். தாங்குகின்ற கை யாருடையது என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்க்கு ஊட்டுவோமாக. அக்கை பிடித்திருக்கும் கருவியின் விலையைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.